பக்கவாதத்துக்குப் பிறகு ஆயுளைக் கணிக்க முடியுமா? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருக்கின்றன. பக்கவாதம் வந்தவர் உயிர் பிழைத்துவிட்டார், அல்லது பிழைப்பாரா என்பது தெரியவில்லை. இனி எவ்வளவு காலம் என்பதே கேள்வி. ஆகவே மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே தருகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. மூன்று வாரங்களுக்கு முன் மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் குழறுகிறது. இப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்; பிடித்துக்கொண்டு சில அடிகள் நடக்கிறார். இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார் என்று கேட்டால் மருத்துவர் நேராகப் பதில் சொல்வதில்லை. அவருக்குத் தெரியவில்லையா, அல்லது சொல்ல விரும்பவில்லையா?

பதில்: அவருக்குத் தெரிந்திருப்பது, உங்கள் தந்தையைப் போன்ற நூறு பேருக்கு என்ன நேர்கிறது என்பது. அந்த நூறு பேரில் உங்கள் தந்தை எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் நூறு பேரைப் பற்றிய கணக்கைச் சரியாகப் படித்தால், அதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் செய்தி நிறையவே கிடைக்கும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியில் 1980-களில் முதன்முறை பக்கவாதம் வந்தவர்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 28 விழுக்காட்டினர் முதல் 28 நாள்களுக்குள் இறந்தார்கள். ஓராண்டு முடிவில் இந்த எண்ணிக்கை 41 விழுக்காடாகவும், ஐந்தாண்டு முடிவில் 60 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1989–90-இல் தொடங்கிய ஆய்விலும் ஐந்தாண்டுக் கணக்கு ஏறத்தாழ இதே 60 விழுக்காடுதான். பத்தாண்டுகளில் அது 79 விழுக்காட்டைத் தொட்டது. இவற்றைப் படிப்பவர் அஞ்சுவது இயல்பு. ஆனால் இந்த எண்களில் கவனிக்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, அது எந்தக் காலத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதையே.

நூறு பேரில் 28 பேரை முதல் நான்கு வாரங்களே கொண்டுபோய்விடுகின்றன. எஞ்சிய பதினொரு மாதங்களில் 13 பேர். அதன்பின் நான்கு முழு ஆண்டுகளில் 19 பேர். அதாவது ஆபத்து தொடக்கத்தில் செங்குத்தாக உயர்ந்து, பிறகு வேகமாகத் தணிகிறது. எனவே முதல் நான்கு வாரங்களைக் கடந்துவிட்ட ஒருவரின் கணக்கை 100-இலிருந்து தொடங்கக் கூடாது. 72-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த 72 பேரில் 40 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள் என்றால், அது நூற்றுக்கு 56 ஆகிறது. ஓராண்டைக் கடந்தவர்களை மட்டும் எடுத்தால், 59 பேரில் 40 பேர், அதாவது நூற்றுக்கு 68 பேர் ஐந்தாண்டைத் தொட்டிருக்கிறார்கள். நோயாளியின் உடலில் புதிதாக எந்த அற்புதமும் நிகழாமலே, காலம் கடப்பதாலேயே கணிப்பு மேம்படுகிறது. உங்கள் தந்தை மூன்று வாரங்களைக் கடந்து, வீடு திரும்பி, பிடித்தபடியாவது நடக்கிறார் என்பது, முதல் நாள் மருத்துவமனையில் உங்களிடம் சொல்லப்பட்ட எதையும் பழைய செய்தியாக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகளும் அடைப்பு, ரத்தக்கசிவு ஆகிய இரு வகைகளையும், எல்லா வயதினரையும் கலந்து எண்ணியவை. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தும், குழாய் வழியே உறைவை வெளியே எடுக்கும் சிகிச்சையும் நடைமுறைக்கு வருவதற்கு முந்தையவை. இன்றைய நிலை அன்றைவிட மேலானது. அதே வேளையில் 72 வயதில் பக்கவாதமே வராதவருக்கும் ஆயுள் எல்லையற்றதல்ல. முதல் ஓராண்டுக்குப் பிறகு, பக்கவாதம் வந்தவரின் ஆண்டு இறப்பு விகிதம் அதே வயதுடைய மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது என்றே இந்த ஆய்வுகள் சொல்கின்றன.

மருத்துவரிடம் அடுத்த முறை செல்லும்போது "எத்தனை ஆண்டுகள்" என்று கேட்பதைவிட, "ஆறாவது மாதத்தில் இவர் பிறர் உதவியின்றித் தம் அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் நிலைக்கு வருவாரா" என்று கேளுங்கள். அதற்கு அவரால் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்ல முடியும்; நீங்கள் அறிய விரும்பும் மற்றதும் அந்தப் பதிலிலேயே அடங்கியிருக்கிறது. அடைப்பு வகைப் பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி 2008-இல் பிரிட்டனிலிருந்து வெளியான ஆய்வில், ஆறாவது மாதத்தில் சுயமாக இயங்கியவர்களில் பாதிப்பேர் அதன்பின் 9.7 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறரைச் சார்ந்திருந்தவர்களுக்கு அந்த எல்லை 6 ஆண்டுகளாக இருந்தது. பிசியோதெரபி கையையும் காலையும் மட்டும் சார்ந்த விஷயமன்று என்று நான் அடிக்கடி எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: என் அண்ணனின் மருத்துவக் குறிப்பில் "என்ஐஹெச்எஸ்எஸ் 14" என்று எழுதியிருக்கிறார்கள். இது ஆயுளைக் குறிக்கும் எண்ணா?

பதில்: ஆயுளைக் குறிப்பதன்று, பாதிப்பின் கடுமையைக் குறிப்பது. விழிப்பு நிலை, பார்வை, முகம், கை கால்களின் பலம், உணர்ச்சி, பேச்சு ஆகியவற்றைப் படுக்கையருகே நின்று சோதித்து, 0 முதல் 42 வரை மதிப்பெண் இடுகிறார்கள். இங்கே மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம். 14 என்பது நடுத்தரக் கடுமை. 21-க்கு மேற்பட்டால் மிகக் கடுமை எனக் கொள்வது வழக்கம். உயிர்பிழைப்பைக் கணிக்கும் ஏறக்குறைய எல்லா முறைகளிலும் நோயாளியின் வயதும் இந்தக் கடுமையும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. மற்றவை அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன.

ஆனால் இந்த அளவுகோலுக்கு ஒரு சாய்வு உண்டு. பேச்சு சார்ந்த சோதனைகளுக்கு இதில் மதிப்பெண் அதிகம். ஆகவே பெரும்பாலோருக்குப் பேச்சை ஆளும் இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் எண் உயர்ந்து தெரியும். அதே அளவு பாதிப்பு வலப்பக்கத்தில் ஏற்பட்டால் எண் குறைவாக வரும். பின்மூளையில் ஏற்படும் அடைப்பு, நிற்கவே முடியாத அளவுக்குத் தள்ளாட்டத்தைத் தந்தாலும் குறைந்த மதிப்பெண்ணையே பெறக்கூடும். எந்த இடத்து ரத்தக்குழாய், எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் நடந்த ஆய்வில், மூளையின் முன்புற ரத்த ஓட்டப் பகுதி முழுவதையும் பாதித்த பெரிய அடைப்பு உடையவர்களில் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். ஆழத்திலுள்ள நுண்ணிய குழாய்கள் மட்டும் அடைபட்டவர்களில் அது 11 விழுக்காடுதான். நோயின் பெயர் ஒன்று. ஆனால் போக்கு இவ்வளவு வேறு.

கேள்வி: என் கணவருக்கு வயது 55. ரத்த அழுத்தம் மிகுந்து மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு நேற்று ஐசியூவில் சேர்த்தோம். கண் திறப்பதில்லை; வலித்தால் கையை அசைக்கிறார். கசிந்த ரத்தம் 35 மில்லிலிட்டர் என்றும், மூளையின் உள்ளறைக்குள்ளும் ரத்தம் இறங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். இளம் மருத்துவர் ஒருவர் ஒரு மதிப்பெண் அட்டவணையைக் காட்டி, "பிழைக்கும் வாய்ப்பு குறைவு, சிகிச்சையை எதுவரை கொண்டுபோவது என்று யோசியுங்கள்" என்றார். இரண்டே நாளில் இந்த முடிவை நாங்கள் எடுக்க வேண்டுமா?

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இந்தக் கடிதத்துக்கு உடனே தனியாகவும் பதில் எழுதிவிட்டேன். எனினும் இதே நிலையில் வேறு பல குடும்பங்களும் நிற்கக்கூடும் என்பதால், இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

உங்களுக்குக் காட்டப்பட்ட அட்டவணை, 2001-இல் கலிஃபோர்னியாவில் உருவாக்கப்பட்ட ரத்தக்கசிவு மதிப்பெண்ணாக இருக்க வேண்டும். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 3 அல்லது 4 என்றால் 2 புள்ளி, 5 முதல் 12 வரை என்றால் 1 புள்ளி. கசிந்த ரத்தம் 30 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ என்றால் 1. உள்ளறையில் ரத்தம் இருந்தால் 1. கசிவு சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இருந்தால் 1. வயது 80 அல்லது அதற்கு மேல் என்றால் 1. உங்கள் கணவருக்கு நினைவு நிலைக்கு ஒன்று, ரத்தத்தின் அளவுக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று என மூன்று புள்ளிகள் வந்திருக்கும். முதன்முதலில் இந்த அட்டவணையைத் தயாரித்த நோயாளிக் குழுவில் மூன்று புள்ளி பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் முப்பது நாள்களுக்குள் இறந்தார்கள். மருத்துவர் வாயிலிருந்து வந்த சொற்களுக்குப் பின்னால் இருப்பது அந்த எண்தான்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமல் அதை ஏற்கக் கூடாது. அந்தக் குழு 152 பேரைக் கொண்டது. மூன்று புள்ளி பெற்றவர்கள் அதில் ஒரு சிறு பகுதியினர். அதைவிட முக்கியமானது, ரத்தக்கசிவு நோயாளிகள் பலரும் இறப்பது நோயின் போக்கினால் மட்டும் அன்று என்பதாகும். "இனிப் பயனில்லை" என்று கருதி வென்டிலேட்டரை அகற்றியதாலோ, இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்ததாலோ இறந்தவர்களும் இத்தகைய கணக்குகளில் சேர்ந்திருக்கிறார்கள். பிழைக்க மாட்டார் என்று எண்ணிச் சிகிச்சையைக் குறைக்கிறோம், குறைத்ததால் இறக்கிறார், இறந்ததால் கணிப்பு சரியென்று ஏட்டில் ஏறுகிறது, அந்த ஏடு அடுத்த நோயாளிக்குச் சான்றாகிறது. தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இந்தச் சுழலை மூளை மருத்துவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எச்சரித்து வருகிறார்கள். இதனால்தான் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள், முன்பே நோயாளி எழுதி வைத்த விருப்பம் எதுவும் இல்லாத நிலையில், சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் புதிய முடிவுகளைச் சேர்க்கப்பட்ட பின் குறைந்தது இரண்டாவது முழு நாள் முடியும்வரையாவது தள்ளிப்போடச் சொல்கின்றன. அட்டவணையே கூட, மருத்துவர்கள் தமக்குள் ஒரே அளவில் பேசிக்கொள்ளவும் ஆய்வுகளில் நோயாளிகளை ஒப்பிடவும் வகுக்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் சிகிச்சையை நிறுத்தும் கருவியாக வகுக்கப்பட்டதன்று.

எனவே நீங்கள் இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, உள்ளறை நீரை வடிக்க வேண்டுமா என்ற ஆலோசனை, காய்ச்சலும் சர்க்கரையும் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை முழு வீச்சில் நடக்கட்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். சில நாள்கள் கழித்து, ரத்தம் மேலும் பரவியதா, கண் திறக்கிறாரா, சொல்வதைப் புரிந்துகொண்டு கையை அசைக்கிறாரா என்பதை வைத்து மூத்த மருத்துவரிடம் மீண்டும் பேசுங்கள். முதல் நாள் கணிப்பைவிட ஐந்தாம் நாள் கணிப்பு பொதுவாக நம்பத் தக்கது.

இதைச் சொல்வதால் பொய் நம்பிக்கை ஊட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். மூளை ரத்தக்கசிவு கொடியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில் ஓராண்டு உயிருடன் இருப்பவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு, ஐந்தாண்டு இருப்பவர்கள் பத்தில் மூவர். உங்கள் கணவர் பிழைத்தாலும் கடும் ஊனத்துடன் பிழைக்கலாம். அத்தகைய வாழ்வை அவர் எப்படிக் கருதியிருப்பார் என்பதை அவரை நன்கு அறிந்த நீங்கள்தான் சொல்ல முடியும். அந்தப் பேச்சு வர வேண்டியதுதான். ஆனால் இரண்டாம் நாளில் அன்று.

கேள்வி: எனக்கு 34 வயது. சென்ற ஆண்டு சிறிய பக்கவாதம் வந்து முழுமையாகக் குணமாகிவிட்டேன். வேலைக்கும் போகிறேன். என் ஆயுள் குறைந்துவிட்டதா?

பதில்: வயது உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் அது தரும் பாதுகாப்பு முழுமையானதன்று. நெதர்லாந்தில் நைமேகன் நகரில், 1980 முதல் 2010 வரை 18–50 வயதுக்குள் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 959 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் முப்பது நாள்களைக் கடந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அடைப்பு வகை வந்தவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் இருபதாண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். அதே வயதுடைய பொதுமக்களில் எதிர்பார்க்கப்படுவதைவிட இது தெளிவாகவே அதிகம். வியப்பான செய்தி, சில நிமிடங்களிலேயே சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஏறத்தாழ 25 விழுக்காடு என்பதே. கை கால் முழுமையாகத் தேறிவிட்டது என்பதால் அடிப்படைக் காரணமும் அகன்றுவிட்டது என்று ஆகாது.

ஆகவே உங்களுக்கு நான் வைக்கும் எதிர்க்கேள்வி, காரணம் கண்டறியப்பட்டதா என்பதே. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்ததா, இதயத்தில் துளையோ துடிப்புக் கோளாறோ உண்டா, ரத்தம் எளிதில் உறையும் தன்மை உண்டா, அல்லது புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய வழக்கமான காரணங்கள் இளவயதிலேயே வந்துவிட்டனவா? ஒவ்வொன்றுக்கும் எதிர்காலம் வேறு. காரணம் தெரியாமல் சொல்லப்படும் கணிப்பை நான் பெரிதாக மதிப்பதில்லை.

கேள்வி: என் தாய்க்கு 68 வயது. பக்கவாதம் வந்து இரண்டு மாதங்களாகப் படுக்கையில்தான் இருக்கிறார். விழுங்கும்போது இருமுகிறார். மூளை மேலும் கெடாது என்கிறார்கள். அப்படியானால் உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வரும்?

பதில்: முதல் வாரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளை வீக்கம். அதற்குப் பிந்தைய வாரங்களிலும் மாதங்களிலும், படுக்கையில் இருப்பதால் வரும் பின்விளைவுகளே முன்னுக்கு வருகின்றன. நிமோனியாவும், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைப்பதும் அவற்றில் முதன்மையானவை. ஆண்டுகள் கடந்தபின் இதயநோயும் மறு பக்கவாதமும் முதலிடம் பெறுகின்றன.

உங்கள் தாய் விழுங்கும்போது இருமுகிறார் என்ற ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன என்பதற்கு அது அறிகுறி; சிலருக்கு இருமலே வராமலும் இறங்கும். விழுங்கும் திறனைப் பயிற்சி பெற்றவரிடம் சோதித்துக்கொள்ளும்வரை படுத்த நிலையில் எதையும் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு அளவாக, அவர்கள் சொல்லும் பதத்தில் கொடுங்கள். வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். வாயிலுள்ள கிருமிகளே நுரையீரலுக்குப் போகின்றன. காய்ச்சல் வருவதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்து வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பக்கவாதம் வந்த உடனேயே அவ்வாறு கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் 2015-இல் வெளியாயின. இறப்பும் ஊனமும் குறையவில்லை.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது வந்தவர்களின் ஆயுள் குறைவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உணவை மறுப்பதும் பயிற்சிக்கு ஒத்துழைக்காததும் பிடிவாதம் என்று எண்ணிக் கண்டிக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

கேள்வி: ரத்தப் பரிசோதனையிலோ கணினியிலோ ஆயுளைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியுமாமே?

பதில்: துல்லியமாக முடியாது. வயது, கடுமை, புற்றுநோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, ரத்தச் சர்க்கரை, முந்தைய உடல்நிலை ஆகியவற்றைச் சேர்த்து ஓராண்டு இறப்பைக் கணிக்கும் முறையொன்று 2011-இல் கனடாவில் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பே 2002-இல், ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமல், வயது, தனியாக வாழ்ந்தாரா, முன்பு தம் வேலையைத் தாமே செய்தாரா, குழப்பமின்றிப் பேசுகிறாரா, கையைத் தூக்குகிறாரா, நடக்கிறாரா என்ற ஆறு விவரங்களைக் கொண்டே ஆறு மாத நிலையைக் கணிக்கும் முறையை எடின்பரோ ஆய்வாளர்கள் தந்தார்கள். ரத்தத்திலுள்ள சில பொருள்கள் உயர்ந்திருந்தால் ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறு விவரங்களுக்கு மேல் அவை சேர்ப்பது கொஞ்சமே. கணினி முறைகளும் பெரும்பாலும் அதே விவரங்களைத்தான் வேறு வழியில் கூட்டுகின்றன. யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசைப்படுத்துவதில் இவை தேர்ந்தவை. வரிசையில் நிற்கும் ஒருவருக்கு நாள் குறிப்பதில் அல்ல.

கேள்வி: பக்கவாதம் வந்து ஓராண்டு நன்றாக இருந்த என் மாமனார், "இனி எதற்கு மாத்திரை" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அவரை எப்படி இணங்க வைப்பது?

பதில்: இந்தப் பக்கத்தையே அவரிடம் கொடுங்கள். முதல் ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும், ஐந்தாண்டுகளுக்குள் நான்கில் ஒருவருக்கும் மறுபடி பக்கவாதம் வருகிறது. இரண்டாவது வந்தால் பிழைப்பதும் தேறுவதும் முதலாவதைவிடக் கடினம். வயதையும் முதல் பக்கவாதத்தின் கடுமையையும் இனி யாராலும் மாற்ற முடியாது. மாற்றக் கூடியது இந்த நான்கில் ஒன்று என்ற கணக்கைத்தான். 2001-இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், ரத்த அழுத்த மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு மறு பக்கவாதம் 28 விழுக்காடு குறைந்தது. அழுத்தம் அதிகம் என்று சொல்ல முடியாதவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், உறைவுத் தடுப்பு மருந்து பக்கவாத வாய்ப்பை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. அடைப்பு வகை என்றால் ஆஸ்பிரின் போன்ற மருந்தும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினும் அவற்றோடு சேரும். ரத்தக்கசிவு வகை என்றால் கதை வேறு. அங்கே அழுத்தக் கட்டுப்பாடே பிரதானம், ரத்தத்தை இளக்கும் மருந்தை மருத்துவர் கேட்டுக்கொண்டாலன்றித் தொடக் கூடாது.

எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உடல் நன்றாக இருக்கும்போது விழுங்கும் மாத்திரையின் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுத்திய மருந்துகளைத் தாமாகவே பழைய அளவில் மீண்டும் தொடங்கவும் விடாதீர்கள். ரத்த அழுத்தத்தை மருத்துவரைப் பார்க்கும்வரை காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்து தாளில் எழுதிக்கொண்டு, பழைய மருந்துச் சீட்டுடன் அவரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஈசிஜி எடுத்துப் பார்க்கவும் கேளுங்கள்.